ஒன்பதாம் அடுக்குச் சீட்டு

அப்போலெனாவின் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். புகழ்ச்சிக்காகச் சொல்லவில்லை. எனக்கு யாரையும் புகழ்ந்து பழக்கமில்லை. ரதோஷீன் ஊரில் கேட்டுப் பாருங்கள், ஸ்டாஸாவின் வாயில் விழுந்தவர் எழுந்ததில்லை என்பார்கள். ஆனால் கட்டைவிரல் நகத்தளவு பானை ஓட்டின் உட்புறத்தில், கறுப்பு மையில், ஆறேழு எழுத்தை வரி கோணாமல் எழுத அவளால் முடியும். என்னால் முடியாது. அந்தக் கைதான் அவளுக்கு வினையாகவும் வந்தது.

எங்கள் ஊருக்கு மேலே, ஓக் காட்டுக்குள் கோட்டைமேடு இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன் எங்கள் ஆட்கள் மரத்தையும் மண்ணையும் கல்லையும் அடுக்கி மதில் எழுப்பி அதற்குள் குடியிருந்தார்கள். ஒரு நாள் அந்த மதில் எரிந்தது. எரிந்த மண் இன்றைக்கும் செங்கல் நிறத்தில் நீளக் கரையாகக் கிடக்கிறது; காளான் பொறுக்கப் போனால் செருப்பெல்லாம் கரி. எரித்தவர்கள் கிழக்கிலிருந்து கொள்ளையடிக்க வந்த மகியார் குதிரைக்காரர்கள் என்பது ஊர்க் கதை. பள்ளிக்கூட நாடகத்தில் அந்தக் குதிரைக்காரர்கள்தான் வருவார்கள். எங்கள் தீயணைப்புப் படையின் கொடியில்கூட அந்தக் குதிரைதான். நெருப்பு வைக்க வந்தவனைத் தீயணைப்புக் கொடியில் தைத்து வைத்த ஊர் வேறெங்கும் இருக்காது.

பழம்பொருள் ஆராய்ச்சிக்காரர் டாக்டர் ஸௌஹர் எழுபத்தாறாம் வருஷம் அந்த மேட்டைத் தோண்ட வந்தார். டாக்டர் என்றதும் எங்கள் மாமனார் முட்டி வலிக்கிறது என்று காலைத் தூக்கிக் காட்டினார். அவரும் பொறுமையாகத் தொட்டுப் பார்த்து, "இது என் காலத்து முட்டி இல்லைங்களே, இன்னும் எண்ணூறு வருஷம் போகணும்" என்றார். அன்றிலிருந்து ஊருக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஆண்கள் மேட்டில் தோண்டினார்கள். பெண்கள் நாங்கள் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூட முற்றத்தில் ஓடு கழுவினோம். பையில் வரும் ஓடுகளைத் தொட்டியில் போட்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கம்பி வலை அடித்த மரத்தட்டில் காயப் போட வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் அந்தப் பையோடு வந்த காகிதச் சீட்டு இருக்கும்: எந்தக் குழி, எத்தனையாவது மண்ணடுக்கு. காய்ந்த பிறகு அப்போலெனா ஒவ்வோர் ஓட்டிலும் அந்த எண்ணை எழுதி, மேலே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு பூசுவாள். எழுதும்வரை சீட்டுதான் ஓட்டுக்குப் பேச்சு. சீட்டு தொலைந்தால் அது வெறும் உடைந்த பானை.

சீட்டைத் தட்டோடு நூலால் கட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். ஈரக்கையால் முடிச்சுப் போடுவதற்குள் உயிர் போகும். கூழாங்கல்லை மேலே வைத்தால் போதாதா என்று ஆரம்பித்தது நான். இதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் மறைத்ததாக இருக்க வேண்டாம்.

எழுபத்தொன்பது ஜூலையில், மத்தியானம் ரெண்டு மணிக்கு, வானம் ஒரே நொடியில் இருண்டது. நான் உள்ளே சூப் குடித்துக்கொண்டிருந்தேன். காற்று முற்றத்து லிண்டன் மரத்தைத் வேரோடு பிடுங்குவதுபோல அடித்தது. நான் ஓடி வருவதற்குள் அப்போலெனா தனியாகத் தட்டுகளை இழுத்துத் தாழ்வாரத்துக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஓடு ஒன்றுகூடச் சிந்தவில்லை. கூழாங்கற்கள் உருண்டுவிட்டன, சீட்டுகள் பறந்துவிட்டன. பதினொன்று. கடைசி நாலை நான் பக்கத்து வீட்டு வாத்துக் கூட்டத்துக்குள் புகுந்து பொறுக்கினேன்.

தரையில் உட்கார்ந்து அவள் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள். பதினொன்றில் ஒன்பதை வைத்துவிட்டாள். இதில் திரிகைக்கல் துண்டு இருந்தது, இதில் பன்றிப் பல், இதில் இரும்புக் கசடு என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. மிச்சம் ரெண்டு தட்டு, ரெண்டு சீட்டு. ஒரு சீட்டு மதிலுக்கு வெளியே இருந்த அகழியின் மூன்றாம் அடுக்கு. ஊரார் குப்பை கொட்டிய இடம், எந்தக் காலத்து ஓடும் அதில் கிடக்கும். இன்னொன்று ஒன்பதாம் அடுக்கு, எரிந்த மதிலுக்கு நேர் அடி. ரெண்டு தட்டிலும் ஒரே மாதிரி சாம்பல் நிற ஓடுகள்.

அவள் ஒரு தட்டைக் காட்டி, "இதுதான் மதிலடின்னு தோணுது" என்றாள். அப்புறம் மற்றதைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"தோணுதா, தெரியுமா?" என்று கேட்டேன்.

"தோணுது, ஸ்டாஸா."

டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்றாள். நான்தான் தடுத்தேன். ரெண்டு தட்டு ஓட்டுக்காக உன்னையும் என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார், கல் வைத்த கதையும் வெளியே வரும், மலைபோல் ஓடு கிடக்கிறது, இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன். "தவளை தன் வாயாலதான் கெடும். நீ பேசாம எழுது" என்று சொன்னேன். மறுநாள் அவள் எழுதினாள். அன்றிலிருந்து எல்லாச் சீட்டையும் நூலால் கட்டினாள்.

யாராவது பார்த்தார்களா என்றால், மூன்றே வாரத்தில் டாக்டர் பார்த்தார். ஒன்பதாம் அடுக்கு என்று அவள் எழுதிய தட்டில், தடித்த பட்டை வைத்த வாய்விளிம்புத் துண்டு ஒன்று இருந்தது. கீழே சீப்பால் இழுத்த இரட்டை அலைக்கோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முற்றத்தில் குழந்தைபோல நடந்தார். எங்களையெல்லாம் கூப்பிட்டு விளக்கினார். இந்த மாதிரிப் பட்டை விளிம்பைக் குயவர்கள் செய்ய ஆரம்பித்ததே குதிரைக்காரர்கள் வந்து போய் ஐம்பது வருஷம் கழித்துத்தான். இது மதிலுக்கு அடியில் கிடந்தால், மதில் அதற்கப்புறம்தான் கட்டப்பட்டது. குதிரைக்காரர்கள் இல்லாத மதிலை எப்படி எரித்திருக்க முடியும்? நம்ம ஆட்களே ஒருவரோடொருவர் அடித்துக்கொண்டு எரித்திருக்கிறார்கள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். பீர்க்கடையில் ஒரு மாசம் இதே சண்டை. தீயணைப்புப் படைத் தலைவர் டாக்டரோடு பேசுவதையே நிறுத்தினார். அப்போலெனா, டாக்டர் விளக்கிய அன்று மாலை, வீட்டுக்குப் போகும் வழியில் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பனிக்காலத்தில் தலைநகரில் ஒரு கூட்டம். அது முடிந்து டாக்டர் நேராக அப்போலெனாவின் அடுப்படிக்குத்தான் வந்தார். அவள் செய்யும் கசகசா ரொட்டி என்றால் அவருக்கு உயிர். நானும் அங்கே இருந்தேன். கூட்டத்தில் ஒரு பெரிய பேராசிரியர் எழுந்து, ஒரே ஓட்டை நம்பி மதிலின் வயசை மாற்றுகிறீர்களே, கழுவும் கிராமத்துப் பெண்கள் தட்டைக் கலந்திருப்பார்கள் என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். ரொட்டியை மென்றுகொண்டே டாக்டர் சொன்னார்:

"நான் எழுந்து சொன்னேன், அப்போலெனாம்மா. அந்த எண்ணை எழுதின கையை எனக்குத் தெரியும். அந்தக் கை தப்பு பண்ணாது, அதுக்கு என் பேரைப் பிணை வைக்கிறேன்னு."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். பால் பொங்கி வழிந்தது. அவள் இறக்கவில்லை, நான்தான் எழுந்து இறக்கினேன்.

அதே நாள் அவர் இன்னொன்றும் சொன்னார். மாவட்ட மியூசியத்தில் ஓடுகளுக்கு எண் எழுத வருஷம் முழுக்க ஆள் வேண்டும், நிரந்தர வேலை, அவள் பெயரைக் கொடுத்திருக்கிறார். கூட்டுப்பண்ணைக் கன்றுக் கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவளுக்கு, சூடான அறையில் பேனாவும் மையும். அவள் கனவில்கூடக் கேட்டிராத வரம். அவள் முடியாது என்றாள். காரணம் கேட்டார், கன்றுகள் பழகிவிட்டன என்றாள். அவர் முகம் வாடிவிட்டது. அப்புறம் அவர் அந்த அடுப்படிக்கு வரவில்லை. எண்பத்தொன்றில் தோண்டுவதையும் மேலிடத்தில் நிறுத்திவிட்டார்கள். கடைசிவரை அவர் பேராசிரியர் ஆகவில்லை. தட்டு கலந்த டாக்டர் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்களாம்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவள் மடியில் இருந்தது ரெண்டு விரல் அகல ஓடு. மேட்டுக்குப் போகும் பாதையில் மதிலின் வயசு எழுதிய பலகை நட்டார்கள். அவள் காளான் பொறுக்கச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தாள். ஊறுகாய் ஜாடிகளுக்குச் சீட்டை ஒட்டி, மேலே நூலும் கட்டுவாள். புருஷன் மெதோடேய் இறந்தபோது கல்லறைக் கல்லில் தேதி பொறிக்கக் கொடுத்துவிட்டு மூன்று தடவை போய்ச் சரிபார்த்தாள். வீட்டு வாசலில் தெரியாத கார் நின்றால் கொல்லைப்பக்கம் போய் நிற்பாள். நான் கேலி செய்வேன், திட்டுவேன், செத்த பானைக்கு எதற்கு இத்தனை துக்கம் என்பேன். அவள் ஒன்றுதான் சொல்வாள்: "அவர் என் கைக்குப் பிணை வெச்சாரு, ஸ்டாஸா."

ரெண்டாயிரத்து ஏழில் ஹெத்விகா என்ற பெண் வந்து மேட்டை மறுபடி திறந்தாள். காதில் மூன்று வளையம், வாயில் எப்போதும் சூயிங்கம், ஆனால் வேலையில் கெட்டி. டாக்டரின் பழைய குழியின் பக்கச்சுவரைத்தான் வெட்டினாள். ஆகஸ்டில் ஒரு நாள் கடையில் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்து நின்றாள்.

"வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வாங்க ரெண்டு பேரும். ஒரு துண்டு கிடைச்சிருக்கு. மியூசியத்திலிருந்து பழைய பெட்டியும் வருது, டாக்டரும் வராரு. அந்தப் பட்டை விளிம்புச் சண்டையை ஒரேயடியா முடிச்சிடலாம்."

எங்கே கிடைத்தது, மதிலடியிலா அகழியிலா என்று அப்போலெனா கேட்கவில்லை. கடையிலிருந்து வீடுவரை அவள் சர்க்கரைப் பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தாள். எழுபத்து மூன்று வயசு அவளுக்கு, எனக்கு ஒன்று கூட. போகாதே, காய்ச்சல் என்று படுத்துக்கொள் என்றேன். அந்தப் புத்தி எனக்குப் போகவே இல்லை.

"அவருக்கு அங்க திடீர்னு தெரிய வரக் கூடாது. எல்லார் முன்னாடியும் அவர் மானம் போகும். பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன்" என்றாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லாமல் போய் அது ஊர்மன்றம் ஆகிவிட்டது, ஆனால் அதே தாழ்வாரம், அதே லிண்டன் மரம். டாக்டர் ஸௌஹர் கைத்தடியோடு வந்தார். எண்பது இருக்கும். எனக்குக் கை கொடுத்தார். அப்போலெனாவுக்குத் தலையை மட்டும் அசைத்தார். மேசைமேல் பழைய அட்டைப்பெட்டி, பக்கத்தில் ஒரு தட்டில் துணி மூடிய ஏதோ.

ஹெத்விகா பெட்டி மூடியில் கை வைத்ததும் அப்போலெனா எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், அதைத் திறக்காதீங்க. அந்த ஜூலையில புயல் அடிச்சதுல்ல, அப்ப சீட்டெல்லாம் பறந்துடுச்சு. ரெண்டு தட்டுக்கு எது எதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியலை. தோணினதை எழுதினேன். நீங்க என் கைக்குப் பிணை வெச்சீங்க. நான் அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லலை."

ஹெத்விகா மெல்லுவதை நிறுத்திவிட்டாள். வெளியே யாரோ புல் வெட்டும் யந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கைத்தடியை ஊன்றி மேசைக்குப் பக்கத்தில் வந்தார். இந்த மனுஷன் இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் அந்தப் பாவம் என்னைத்தான் சேரும் என்று நினைத்தேன். அவர், "பெட்டியைத் திறம்மா" என்று ஹெத்விகாவிடம் சொன்னார்.

அந்த விளிம்பு பஞ்சுக்குள் இருந்தது. உள்பக்கம் அவள் எழுத்து, மை கொஞ்சமும் மங்காமல். ஹெத்விகா துணியை விலக்கினாள். தட்டில் அதே சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு, அதே தடித்த பட்டை. ரெண்டையும் எடுத்து உடைந்த ஓரத்தோடு ஓரம் வைத்தாள். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அலைக்கோடு ரெண்டும் இந்தத் துண்டிலிருந்து அந்தத் துண்டுக்கு வழுக்கிக்கொண்டு போயின. ஒரே பானை.

ஒரே பானைதான். ஆனால் புதுத்துண்டு எங்கிருந்து வந்தது? ஹெத்விகா வாயைத் திறந்தாள். டாக்டர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அவங்களே பார்க்கட்டும். சீட்டைக் கொடு."

சீட்டு தட்டோடு நூலால் கட்டியிருந்தது. அப்போலெனா அதன்மேல் குனிந்தாள். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். "நீ படி" என்று என்னிடம் தள்ளினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சின்னக் காகிதத்தை அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

"மதிலடி. எரிஞ்ச உத்தரத்துக்குக் கீழே. பழைய குழியின் ஓரத்திலிருந்து அரை மீட்டர்" என்று படித்தேன்.

"இன்னொரு தடவை படி."

படித்தேன்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். அன்று தரையில் உட்கார்ந்து தோணியதை வைத்த கை சரியாகத்தான் வைத்திருக்கிறது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. அப்போது டாக்டர் பேசினார். கோபமே இல்லாத குரல்.

"மியூசிய வேலைக்கு வரலைன்னது இதுக்காகத்தானா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பக்கத்துல இன்னொரு குழி போட்டுப் பார்த்திருப்பேன், அப்போலெனாம்மா. ஆளுங்க இருந்தாங்க, மண்வெட்டி இருந்தது. அரை மீட்டர். ஒரு வாரத்து வேலை."

ஒரு வாரம். அவள் இருபத்தெட்டு வருஷம் சுற்றுவழியில் நடந்திருக்கிறாள். அவரைப் பார்த்து ஊர் உலகம் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறது. நான் அவரிடம் சொன்னேன், நூலுக்குப் பதில் கல் வைத்தது நான், வாயை மூடச் சொன்னதும் நான் என்று. இந்த ஊரே நடுங்கும் என் குரல் அன்று எனக்கே கேட்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார்; திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஹெத்விகாதான் ஏதோ செய்ய வேண்டுமே என்று, மேசை இழுப்பறையிலிருந்து மைப்பேனாவை எடுத்து அப்போலெனாவின் முன்னால் வைத்தாள். புதுத்துண்டுக்கு இன்னும் எண் போடவில்லை, நீங்களே எழுதுங்கள் என்றாள்.

அப்போலெனா பேனாவைத் தொடவில்லை. "முதல்ல சீட்டைக் கிட்ட கொண்டு வாம்மா" என்றாள். டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு, சீட்டில் இருந்ததை வாய்விட்டு மூன்று தடவை படித்தாள். பிறகு நூல் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அப்புறம்தான் பேனாவை மையில் தோய்த்தாள்.

கை நடுங்கியது. ஆறு எழுத்து எழுத அவளுக்கு வெகுநேரம் ஆனது, எழுத்தெல்லாம் கோணல்மாணலாக விழுந்தது. மை காய்ந்ததும் ஹெத்விகா ரெண்டு துண்டையும் மறுபடி சேர்த்து வைத்தாள். ஒரே பானையின் இந்தப் பாதியில் எழுத்து ஆடிக் கிடந்தது. அந்தப் பாதியில், அன்று நிச்சயமில்லாமல் எழுதியது, வரி கோணாமல் நின்றது.